கணக்கில் வராத ஆண்டுகள்: இலங்கைப் பல்கலைக்கழக மாணவரின் அன்றாடம்

இலங்கையின் அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படிக்கும் மாணவர் படிப்புக் கட்டணம் என்று ஒன்றும் கட்டுவதில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பட்டம்வரை இன்றும் நீடிக்கிறது. மூதூர் மீனவரின் மகள் மருத்துவராவதும், அட்டன் தோட்டத்துப் பையன் பொறியியலாளராவதும் அதனால்தான். அந்தப் பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஆனால் அதே மாணவரிடமிருந்து வேறொன்று அறவிடப்படுகிறது. அதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை, கணக்காய்வும் இல்லை. அது அவருடைய ஆண்டுகள்.

எங்கள் பத்திரிகைகள் பல்கலைக்கழக மாணவரைப் பற்றிப் பெரும்பாலும் மூன்று சந்தர்ப்பங்களில்தான் எழுதுகின்றன. வெட்டுப்புள்ளி வெளியாகும்போது, பகிடிவதையில் யாராவது வைத்தியசாலைக்குப் போகும்போது, கொழும்பு வீதியில் பொலிசார் தண்ணீர் பீய்ச்சும்போது. இவற்றுக்கு இடைப்பட்ட நாட்களில் அந்தப் பிள்ளை எங்கே தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பது செய்தியாவதில்லை. விடுதி, உணவு, பகிடிவதை, ஆங்கிலம், வேலைநிறுத்தம் எனத் தனித்தனியாகப் பேசப்படும் குறைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லாம் கடைசியில் காலத்தில்தான் போய் முடிகின்றன என்பது என் கணிப்பு.

காத்திருப்பு வளாகத்துக்குள் கால்வைப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை நடந்தது 2022 பெப்ரவரியில். பெறுபேறு வந்தது ஓகஸ்ட் இறுதியில். 2022 க்குரிய பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெறுபேற்றுக்கு அந்த ஆண்டு செப்டெம்பர்வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. கொரோனா ஒரு காரணம், பொருளாதார நெருக்கடி இன்னொன்று, விடைத்தாள் திருத்தும் பணியில் ஏற்பட்ட இழுபறி மற்றொன்று. பெறுபேறு வந்த பிறகும் கதவு உடனே திறப்பதில்லை. மீள்திருத்தம், கையேடு, விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, தெரிவுக் கடிதம், பதிவு, பிறகு பீடம் அழைக்கும் நாள். 19 வயதில் பரீட்சை எழுதிய பிள்ளை முதல் விரிவுரையில் உட்காரும்போது 21 ஐ நெருங்கிவிடுகிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை தோற்றித் தெரிவானவர் இன்னும் மூத்தவர். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை முயலலாம் என்ற விதி பலருக்கு வரம்; சில குடும்பங்களில் அதுவே ஒரு பிள்ளையின் இளமையை ரியூசன் கொட்டிலில் கட்டிப்போடும் கயிறு.

இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை யாரும் முறையாகப் பதிவு செய்வதில்லை. கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளை கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. அங்கே அது பட்டம் பெறும்போது கூடப் படித்தவர் இங்கே இரண்டாம் வருடத்தில் இருப்பார். காசில்லாத வீட்டுப் பையன் கடையில் கணக்கு எழுதுகிறான், அல்லது தன்னைவிட இரண்டு வயது இளையவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறான். பெண்பிள்ளைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. “கம்பஸ் எப்ப தொடங்கும் எண்டே தெரியாது, நல்ல இடம் வந்திருக்கு” என்று யாராவது ஒரு பெரியம்மா சாதகத்தோடு படியேறிவிடுவார். திகதி தெரியாத காத்திருப்பு, எதிர்த்து வாதாட அந்தப் பிள்ளைக்கு ஒரு பிடியும் கொடுப்பதில்லை.

தெரிவு முறை பற்றி ஒரு சிறு விளக்கம் வேண்டும், ஏனென்றால் மாணவர் எந்த ஊரில் நான்கு ஆண்டுகள் வாழப்போகிறார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1970 களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. அது தமிழ் இளைஞரிடையே ஏற்படுத்திய காயமும் அதன் அரசியல் விளைவுகளும் எல்லோரும் அறிந்தவை. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. 2001 இலிருந்து மூலப்புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி. முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு இந்த முறை இல்லாவிட்டால் மருத்துவ பீடம் எட்டாக்கனிதான் என்பதால் நான் இதை முழுமையாக எதிர்ப்பவன் அல்லன். ஆனால் உள்ளே போன முதல் வாரத்தில் அந்தப் பிள்ளையிடம் கேட்கப்படும் முதல் கேள்வி “எந்த மாவட்டம்?” என்பதாகவும், அதற்குப் பின்னால் “உனக்கு எவ்வளவு புள்ளி?” என்ற சொல்லாத கேள்வி ஒன்று நிற்பதாகவும் இருப்பதை மறுக்க முடியாது. அனுமதிக்குத் தகுதிபெறுவோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்தைத் தாண்ட, இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. உள்ளே வந்தவர் வாயைத் திறந்து குறை சொல்லத் தயங்குவதற்கு இதுவும் காரணம். “கிடைச்சதே பெரிசு” என்று வீட்டிலேயே வாயடைத்துவிடுவார்கள்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸின் மனதில் இருந்தது மாணவர் அனைவரும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் ஒரு கல்விச் சமூகம். 1952 இலிருந்து பேராதனையில், மகாவலிக் கரையில் அது ஓரளவு நிறைவேறியது. அங்கே இராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம் என்ற பெயர்களோடு விடுதிகள் எழுந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்து 1960 களில் ‘இராவணேசன்’ தயாரித்தது அந்தச் சூழலில்தான். மாணவருக்கு மாலை நேரம் என்று ஒன்று இருந்தது, ஒத்திகை பார்க்க ஆட்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள். அது சில ஆயிரம் பேருக்கான ஏற்பாடு. இன்று அரச பல்கலைக்கழகங்கள் 17. விடுதிக் கட்டில்களோ மாணவர் தொகையோடு சேர்ந்து வளரவில்லை. பொதுவாக முதலாம் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும் விடுதி கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் போர்டிங் தேட வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஒழுங்கைகளில் போர்டிங் என்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வெளிநாடு போன பிள்ளைகளின் அறைகளில் தாயும் தகப்பனும் மாணவரை வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள் நிறையப் பேர். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தரும் அம்மாக்களும் இருக்கிறார்கள். ஆனால் அறைக்குள் சமைக்கக்கூடாது, துணி இஸ்திரி போட்டால் மின்கட்டணம் தனி, பெண்பிள்ளைகள் ஆறரைக்குள் படலைக்குள் வந்துவிட வேண்டும், பெடியள் என்றால் கேள்வி இல்லை. ஆய்வுகூட வகுப்பு ஐந்தரைக்கு முடிந்து நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருக்க நினைக்கும் மாணவிக்கு இந்த ஆறரை மணி எத்தனை பெரிய தடை என்பதை எந்தப் பெறுபேற்றுப் பட்டியலும் காட்டாது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் வேறு பிரச்சினை. கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பெரிய நகரத்துக்கு வெளியே இருப்பவை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஓட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

இனிச் சாப்பாடு. மகாபொல புலமைப்பரிசில் 1981 இல் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் சட்டமாக்கப்பட்டது. வசதி குறைந்த மாணவர் பலருக்கு மாதாமாதம் கைக்கு வரும் ஒரே சொந்தக் காசு அதுதான். அது கிடைக்காதவரில் ஒரு பகுதியினருக்குப் பர்சரி எனப்படும் உதவிப்பணம். நெருக்கடிக்கு முன்பிருந்தே மகாபொல 5,000 ரூபாவாக நின்றது. முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 ரூபா. அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. சோத்துப் பாசலின் விலை இரட்டிப்பைத் தாண்டியது. முட்டை போட்ட பாசல், முட்டை இல்லாத பாசல் என்று கன்ரீனிலேயே ஒரு வர்க்கப் பிரிவு உண்டானது. மகாபொல மட்டும் அசையவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் அந்த மாணவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? இரண்டு பேர் ஒரு பாசல். காலைக்குப் பிளேன்ரீயும் ஒரு பணிஸும். மத்தியானத்தைத் தள்ளிப்போட்டு நான்கு மணிக்கு ஒரு கொத்து, அதோடு இரவும் முடிந்தது. வெறும் வயிற்றில் பிற்பகல் விரிவுரை கேட்பது என்றால் என்னவென்று, முப்பத்து மூன்று பாகை வெயிலில், தகரக் கூரையடியில், மின்விசிறி நின்றுபோன மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மின்விசிறி என்றதும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போன மின்வெட்டு நினைவுக்கு வருகிறது. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது அதே ஆண்டின் நடுப்பகுதியில். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, விரிவுரையாளர் வர வழியில்லை. வகுப்புகள் மீண்டும் ஒன்லைனுக்குப் போயின. மின்சாரம் இல்லாத ஊரில் ஒன்லைன் வகுப்பு! இந்த முடிவை எடுத்தவர்களுக்கு வீட்டில் ஜெனரேற்றர் இருந்திருக்க வேண்டும். தோட்டத்து லயன் அறைகளில் நிலைமை இன்னும் மோசம். மலையின் எந்த மூலையில் சிக்னல் வரும் என்று தேடிப்போய், அட்டைக்கடியோடு உட்கார்ந்து விரிவுரை கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோரின் நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவும் 2024 இல் 1,350 ரூபாவும். ஒரு மாதத்து டேட்டாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் கொழுந்து பறிக்க வேண்டும்.

பகிடிவதைக்கு வருவோம். இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டுமே பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1975 இல் பேராதனையின் இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து வாழ்நாள் முழுவதும் முடங்கிப்போனார். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது: பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள்வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டுகள்வரையும் சிறை. கடுமையான சட்டம்தான். கால் நூற்றாண்டு கடந்த பின்னும் பகிடிவதை போகவில்லை. கொரோனாக் காலத்தில் அது வாட்ஸப் குழுவுக்கும் இரவு பன்னிரண்டு மணி ஸூம் அழைப்புக்கும் மாறி, பிள்ளையின் சொந்த அறைக்குள்ளேயே நுழைந்தது.

ஏன் போகவில்லை? சீனியர் அண்ணாமார் சொல்லும் நியாயம் பழையது: பணக்காரன், ஏழை, நகரம், கிராமம் எல்லோரையும் ஒரே சட்டை, ஒரே செருப்புக்குக் கொண்டுவந்து சமமாக்குகிறோம், பட்ச் ஒற்றுமையாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் சமமாவது எல்லோரின் பயமும்தான். உண்மையான பிடி வேறிடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பாடத்தைப் புரியவைப்பது பல நேரம் விரிவுரை அல்ல, ‘குப்பி’. சீனியர் ஒருவரோ பட்ச்சில் கெட்டிக்காரர் ஒருவரோ பரீட்சைக்கு முன் இருபது பேரை உட்காரவைத்துத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. பழைய வினாத்தாள், கைமாறி வந்த குறிப்பு, எந்த விரிவுரையாளர் எந்தக் கேள்வியை விரும்புவார் என்ற துப்பு, எல்லாம் அங்கேதான். பகிடிவதையை ஏற்காதவருக்குக் குப்பி இல்லை, குறிப்பு இல்லை, போர்டிங் தேட உதவி இல்லை, விளையாட்டு அணியில் இடம் இல்லை. நான்கு ஆண்டுகளும் அவர் தனிமரம். ஆக, கெஞ்சிக்கொண்டு அடிவாங்கும் பிள்ளை கோழை அல்ல, கணக்குப் பார்க்கிறது. பல்கலைக்கழகம் தானே கொடுக்க வேண்டியதைச் சீனியர்கள் கையில் விட்டுவிட்டு, அவர்கள் அதற்கு விலை கேட்கிறார்கள் என்று கோபப்பட்டு என்ன பயன்? எல்லாப் பழைய வினாத்தாள்களையும் மாதிரி விடைகளையும் நூலக இணையத்தளத்தில் ஏற்றிவிட்டால், பகிடிவதையின் அதிகாரம் பாதியாகக் குறையும். சட்டத்தைவிட மலிவான மருந்து அது.

குப்பியின் தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஆங்கிலத்தில் போய் நிற்கும். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்து, தமிழில் உயர்தரம் எழுதிச் சித்தியெய்திய பிள்ளை, மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எதற்குப் போனாலும் ஒரே நாளில் ஆங்கிலத்துக்குத் தூக்கிப் போடப்படுகிறது. தொடக்கத்தில் சில வாரங்கள் ஆங்கில வகுப்பு உண்டு. அதே வாரங்களில்தான் பகிடிவதையும் உச்சத்தில் இருக்கும், ஆங்கிலத்தில் பேசினால் “பெரிய ஆளோ?” என்று அண்ணாமார் பாய்வார்கள். பேசினால் சீனியரிடம் அடி, பேசத் தெரியாவிட்டால் பரீட்சையில் அடி. உயர்தரத்தில் மாவட்டத்திலேயே முன்னணியில் நின்ற பிள்ளை முதலாம் அரையாண்டில் இரண்டு பாடம் ரிப்பீட் என்று நிற்கும்போது, அதற்குப் பௌதிகவியல் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை. ரிப்பீட் எழுத அடுத்த பட்ச்சோடு அடுத்த ஆண்டு. ஆக, மறுபடியும் காலம். வகுப்புச் சித்தியும் அதோடு கைநழுவலாம்.

இந்த ஆங்கிலக் குறை இன உறவையும் தொடுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் தென்னிலங்கைச் சிங்கள மாணவர் பெருந்தொகையினர். திருநெல்வேலி விஞ்ஞான பீடத்திலும் அவர்கள் படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் உருகுணைக்கும் மொறட்டுவைக்கும் போகிறார்கள். அறையில் ஆளுக்கொரு கட்டில், நடுவே ஒரு பொதுமொழி இல்லை. தமிழ் மாணவருக்குச் சிங்களம் அரைகுறை, சிங்கள மாணவருக்குத் தமிழ் வணக்கத்தோடு சரி, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் கூச்சம். 2016 ஜூலையில் யாழ். விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றிய தகராறு அடிதடியில் முடிந்தபோது நாடு முழுவதும் அதை இனப்பிரச்சினை என்று பேசியது. இனப்பிரச்சினை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கிய அந்த வளாகம் கண்ட யுத்தத்தையும், 1995 இடப்பெயர்வையும், 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் இறந்த இரண்டு மாணவர்களையும், 2021 ஜனவரியில் இடிக்கப்பட்டுப் பின்னர் மறுபடி கட்டப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியையும் மறந்துவிட்டு யாரும் அங்கே படிக்க முடியாது. ஆனால் ஒரே மேசையில் சாப்பிட்டும் பேச மொழியில்லாத நான்கு ஆண்டுகள் எந்தப் பகையையும் ஆற்றாது என்பதும் உண்மை.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாடு சிறியது என்று வெளியார் நினைப்பர். மாத்தறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ, யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறைக்கோ வீடு போய்வரும் மாணவருக்கு ஒரு வாரவிடுமுறை முழுவதும் வீதியில்தான். இரவு பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லாமல், வயிற்றைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் பயந்து பயணம் செய்யும் பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் யாழ்தேவியில் ஆசனம் கிடைப்பது தனி அதிர்ஷ்டம்.

பருவமழை இன்னொரு கதை. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர்வரை கொட்டித் தீர்க்கும். போர்டிங் முற்றத்தில் தண்ணீர், கிணற்றில் கலங்கல், பிறகு டெங்கு. அறையில் நாலு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்ற மூவரும் இரத்தப் பரிசோதனை வரிசையில் நிற்பார்கள். ஒரு கிழமை வருகைப்பதிவு போகும். 80 வீத வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள் என்பதால் ‘மெடிக்கல்’ போட அலைய வேண்டும். 2024 நவம்பரிலும் 2025 நவம்பர் இறுதியிலும் புயல் மழையால் உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இரண்டாவது தடவை, டித்வா புயலில், அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. பரீட்சையின் மீதி ஜனவரிக்குப் போயிற்று. புயலை யாரும் குறை சொல்ல முடியாது. நவம்பரில் இந்தத் தீவில் மழை வரும் என்பது மட்டும் புதிய செய்தி அல்ல. பரீட்சை அட்டவணை போடுபவர்கள் அதை ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். 2012 இல் விரிவுரையாளர் சங்கங்களின் சம்மேளனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி ஜூலை முதல் ஒக்டோபர்வரை பணிக்கு வரவில்லை. கோரிக்கை நியாயமானது, இன்றும் நிறைவேறவில்லை. 2018 இல் கல்விசாரா ஊழியர் ஒரு மாதத்துக்கு மேல். 2024 மே தொடக்கத்திலிருந்து அவர்களே மறுபடியும் இரண்டு மாதங்களுக்கு மேல். சம்பளம் போதாது என்பதும் உண்மைதான். நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டுப் போன விரிவுரையாளர்களின் வெற்றிடங்கள் இன்னும் நிரம்பவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அரசும் தொழிற்சங்கமும் தத்தம் கணக்கோடு உட்காரும்போது, மூன்றாவது தரப்பின் இரண்டு மாதங்கள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. வேலைநிறுத்தம் முடிந்ததும் ஊழியருக்கு நிலுவை பற்றிப் பேச வழி உண்டு. மாணவருக்கு நிலுவை இல்லை. பதினைந்து வாரப் பாடத்தைப் பத்து வாரத்தில் ஓட்டிமுடித்துப் பரீட்சைத் திகதி ஒட்டப்படும், அல்லது அரையாண்டே பின்னுக்குப் போகும். மாணவர் தாங்களே செய்யும் வகுப்புப் பகிஷ்கரிப்புகளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அநீதிக்கு எதிராக மாணவர் இறங்காவிட்டால் 2022 இன் அரசியல் மாற்றம் நடந்திருக்காது என்பது வேறு விடயம். கன்ரீன் தகராறுக்கும் பீடத்தை மூடவைக்கும் பழக்கத்தை அதோடு சேர்த்துப் பெருமைப்படுத்த முடியாது. மோதல் என்றால் நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரே பதிலும் மூடுவதுதான். மாலை ஆறு மணிக்குள் விடுதியை விட்டு வெளியேறவும் என்று அறிவித்தல் ஒட்டுவார்கள். வெலிமடைப் பிள்ளையும் வாகரைப் பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு அன்றிரவே பஸ் தேட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் எங்கள் தலைமுறையில் பலர் சிரிப்பார்கள். “நாங்கள் செல்லடிக்குள்ள, மண்ணெண்ணெய் விளக்கில படிச்சனாங்கள், இவைக்கு வைஃபை இல்லையெண்டு கவலை.” சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தெற்கிலும் 1980 களின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தன, மாணவர்கள் காணாமற் போனார்கள். ஆனால் அன்று யுத்தம் தின்றதை இன்று நிர்வாகம் தின்றால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது என்ன தர்க்கம்? அன்றைய இழப்புக்குக் காரணம் எங்கள் கையில் இல்லை. இன்றையது பெரும்பாலும் அட்டவணை, ஒருங்கிணைப்பு, ஆள் நியமனம் சார்ந்தது.

நல்லதும் இருக்கிறது. யாழ். வளாகத்துப் பரமேஸ்வரன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து மரத்தடியில் நீளும் அரட்டை, பட்ச் ரிப், முதன்முதலாக வீட்டார் இல்லாமல் எடுத்த ஒரு முடிவு, இவையெல்லாம் எந்தப் பட்டதாரியும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பவை. மாணவர் புலம்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று நான் எழுதினால் அவர்களே நம்பமாட்டார்கள். ஆனால் 25, 26 வயதில் கலைப்பட்டத்தோடு வெளியே வந்து அரச நியமனத்துக்கு மறுபடி காத்திருக்கத் தொடங்கும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது. 2020 இல் ஐம்பதாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுனராகச் சேர்த்தார்கள். பலருக்கு உட்கார மேசை இல்லை, செய்ய வேலை இல்லை. மருத்துவ மாணவர் ஐந்து ஆண்டுகள் முடித்தும் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காக மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்.

செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. உயர்தரப் பரீட்சை, பெறுபேறு, வெட்டுப்புள்ளி, முதல் விரிவுரை ஆகிய நான்கு திகதிகளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பரீட்சைத் திணைக்களமும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே அறிவித்தலில் வெளியிடலாம். தெரிவுக்கும் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட மாதங்களை முறையான ஆங்கிலக் கற்கைக்குப் பயன்படுத்தலாம். மாணவர் தம் மாவட்டத்திலேயே அதைப் படிக்கலாம், பகிடிவதை அங்கே எட்டாது. மகாபொலவை விலைச்சுட்டெண்ணோடு கட்டிவிட்டால் ஒவ்வொரு தேர்தலுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மூடப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஈடுசெய்யும் நாள் எது என்பதைத் திறக்கும் அறிவித்தலிலேயே எழுதும்படி ஒவ்வொரு பீடத்தையும் கட்டாயப்படுத்தலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கு எந்தப் பீடம் கிடைத்தது என்று விசாரிக்கும் அதே ஆர்வத்தோடு, எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிப்பார்கள் என்றும் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அரச பல்கலைக்கழகங்களும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவைதான்.